கேஸ்மென்ட் எந்தக் கணக்கில் தலைவர்?

3 ஆகஸ்ட், காலை. கேள்வி

அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக 1916-இல் நடந்த டப்ளின் எழுச்சிக்காகக் கொல்லப்பட்ட தலைவர்கள் பதினாறு பேர் என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். பதினைந்து பேர் சரி. பதினாறாவது ஆள் ரோஜர் கேஸ்மென்ட். எழுச்சி நடந்த வாரம் முழுக்க இவர் காவலில் இருந்தார். அதற்கு முன் ஒன்றரை வருடம் ஜெர்மனியில். அதற்கும் முன் இருபது வருடம் பிரிட்டிஷ் அரசுச் சம்பளம், சர் பட்டம் வேறு. நீர்மூழ்கியில் வந்து இறங்கி அன்று மதியமே போலீஸில் மாட்டியவரை எந்தக் கணக்கில் கிளர்ச்சித் தலைவர் என்கிறீர்கள்? தூக்கில் போட்டால் போதுமா, தலைவராகிவிடலாமா?

3 ஆகஸ்ட், இரவு

கேட்டவர் தேதியைக் கவனித்தாரா தெரியவில்லை. 1916-இல் இதே ஆகஸ்ட் 3 காலையில்தான் லண்டன் பென்டன்வில் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி நியாயம்தான். இன்னும் சொன்னால் நீங்கள் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். அந்த மனிதர் எழுச்சியை நடத்த வரவேயில்லை, நிறுத்த வந்தார். ஜெர்மனியிடம் அவர் கேட்டது படை. கிடைத்தது 20,000 பழைய துப்பாக்கிகள், ரஷ்யர்களிடமிருந்து போரில் பிடுங்கியவை. ஒரு ஜெர்மன் சிப்பாய்கூட வரப்போவதில்லை என்று தெரிந்ததும், இதை நம்பித் தெருவில் இறங்கினால் பையன்கள் வீணாகச் செத்துப்போவார்கள் என்று அவருக்குப் பட்டது. துப்பாக்கிக் கப்பல் ஒரு பக்கம் வர, இவர் நீர்மூழ்கியில் இன்னொரு பக்கம் வந்தார்.

கப்பலின் கதை அதைவிடப் பாவம். ‘அவுட்’ என்று நார்வேப் பெயர் எழுதி மறைத்த ஜெர்மன் கப்பல். அது கிளம்பிய பிறகு, இறக்கும் நாளை ஞாயிறுக்குத் தள்ளச் சொல்லி டப்ளினிலிருந்து செய்தி போனது. கப்பலில் ரேடியோ இல்லை. வியாழக்கிழமை வந்து கெர்ரி மாவட்டத்தின் டிராலி விரிகுடாவில் நின்று, கரையிலிருந்து விளக்கு காட்டுவார்கள் என்று காத்திருந்தது. யாரும் காட்டவில்லை. பிரிட்டிஷ் கடற்படை பிடித்து கார்க் துறைமுகத்துக்கு இழுத்துப்போகும் வழியில் கேப்டனே அதை மூழ்கடித்துவிட்டார். பிரிட்டிஷ்காரர்கள் ஜெர்மன் தந்திகளை முன்பே உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, தலைவர் என்பதற்கு உங்கள் வரையறை எதுவானாலும் அதில் அவர் அடங்கமாட்டார். இருந்தும் அவரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் யோசித்து எழுதுகிறேன். நாளைக்கு அலுவலகம் இருக்கிறது.

4 ஆகஸ்ட்

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவின் கிள்ளான். நடுவில் நான்கு வருடம் டப்ளினில் ஆடிட் வேலை பார்த்தேன். அங்கே போன புதிதில் ஒரு நவம்பர் மாதம் தனியாக டிராலிக்குப் போனேன். ஹியூஸ்டன் ஸ்டேஷனில் ஏறி, மாலோவில் மாறி, கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். இறங்கியதும் பெயர்ப் பலகையைப் பார்க்கிறேன்: கேஸ்மென்ட் ஸ்டேஷன். ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1966-இல் பதினாறு பேர் பெயரையும் பதினாறு ரயில் நிலையங்களுக்கு வைத்தார்கள். நான் ஏறிய ஹியூஸ்டனும் அதில் ஒருவர்தான். ஆனால் டிராலியில் ஒரு குசும்பு இருக்கிறது. கைதியாக அவரை டப்ளினுக்கு ரயிலேற்றிய ஊர் அது.

அங்கிருந்து டாக்ஸியில் பன்னா கடற்கரை. ஓட்டுநர் பெரியவர், கேஸ்மென்ட் என்றதும் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. 1916 ஏப்ரல் 21, பெரிய வெள்ளி, விடியாத நேரம். யூ-19 நீர்மூழ்கி மூன்று பேரை ஒரு சின்னப் படகில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கேஸ்மென்ட், மான்டீத், பெய்லி. அலையில் படகு கவிழ்ந்தது. கேஸ்மென்டுக்கு வயது 51, மலேரியாவும் மூட்டுவலியும் தின்ற உடம்பு. தொப்பலாக நனைந்து கரை ஏறி மணல்மேட்டில் கிடந்தார். பிறகு சிறையிலிருந்து அக்காவுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அன்றுதான் சந்தோஷமாக இருந்தேன் என்கிறார். வானம்பாடிகள் பாடினவாம், சுற்றிலும் பிரிம்ரோஸும் காட்டு வயலட்டும் பூத்திருந்தனவாம்.

நான் போனபோது வானம்பாடியும் இல்லை, பூவும் இல்லை. சாய்ந்து அடிக்கிற மழை. குடையைப் பிரித்த இரண்டாவது நிமிடம் அது தாமரைப் பூ மாதிரி மேல்பக்கம் மலர்ந்துவிட்டது. நினைவுக்கல்லில் இருப்பதைப் படிக்கக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, போதும் என்று திரும்பினேன். செருப்புக்கடையைத் தேடியதுதான் அந்தப் பயணத்தின் பிற்பகுதி.

5 ஆகஸ்ட்

திருத்தம். ரயில் நிலையங்கள் பதினைந்து. பியர்ஸ் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்டேஷன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, ஆடிட்டர் என்று சொல்லிக்கொண்டே எண்ணத் தெரியவில்லை என்ற கிண்டலையும் வாங்கிக்கொள்கிறேன்.

5 ஆகஸ்ட், மறுபடி

மாட்டியது எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மற்ற இருவரும் உதவி தேடி டிராலிக்கு நடந்தார்கள். இவர் நடக்க முடியாமல் பக்கத்தில் இருந்த பழைய மண்கோட்டைப் புதரில் ஒளிந்தார். மதியம் ஒரு சார்ஜென்டும் ஒரு கான்ஸ்டபிளும் வந்து கேட்டபோது, நான் ஓர் ஆங்கில எழுத்தாளன், புனித பிரெண்டனின் வாழ்க்கையை எழுதியிருக்கிறேன் என்றார். பிரெண்டன் கடலில் நெடும்பயணம் போன துறவி, அந்த வட்டாரத்துக்காரர். பொய்யானாலும் இடம் பொருள் பார்த்துச் சொன்ன பொய். ஆனால் பையில் பெர்லின்–வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் ரயில் டிக்கெட் இருந்தது! என் தொழிலில் பயணப்படி வாங்க டிக்கெட்டைப் பத்திரமாக வைக்கச் சொல்வோம். இவர் யாரிடம் பயணப்படி கேட்க வைத்திருந்தாரோ.

டிராலி காவல் நிலையத்தில் பார்க்க வந்த ஒரு பாதிரியாரிடம், எழுச்சி வேண்டாம், ஜெர்மன் உதவி வராது என்று சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை லண்டனில் விசாரித்த அதிகாரிகளிடமும், என்னைப் பகிரங்கமாகப் பேச விடுங்கள், நிறுத்திவிடுகிறேன் என்று கேட்டார். விடவில்லை. மறுநாள் டப்ளினில் தபால் நிலையத்தைப் பிடித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் விட என்னை உறுத்துவது வேறொன்று. ஜெர்மனியின் லிம்பர்க் முகாமில் ஐரிஷ் போர்க்கைதிகள் இரண்டாயிரம் பேருக்கு மேல். அவர்களிடம் அயர்லாந்துக்காகப் போரிட வாருங்கள் என்று மாதக்கணக்கில் பேசினார். சேர்ந்தவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர். பலர் கேலி செய்து விரட்டினார்கள். தலைவர் என்றால் பின்னால் ஆள் வேண்டும் அல்லவா? கேட்டவர் கட்சிக்கு இது இன்னொரு புள்ளி. எழுதிவிட்டேன்.

8 ஆகஸ்ட்

தூக்குக் கதைக்கு வருவோம். ஒரு காற்புள்ளி கொன்ற மனிதர் என்று இவரைச் சொல்வார்கள்.

வழக்கு 1351-ஆம் வருடத்து ராஜத்துரோகச் சட்டத்தின் கீழ். நார்மன் பிரெஞ்சில் எழுதிய சட்டம். ராஜாவின் எதிரிகளோடு ராஜ்ஜியத்துக்குள் சேர்ந்துகொண்டு, அவர்களுக்கு ராஜ்ஜியத்துக்குள் ‘அல்லது வேறெங்கேனும்’ உதவி செய்பவன் துரோகி என்று போகிறது வாசகம். கேஸ்மென்டின் வக்கீல் சல்லிவன் பிடித்த பிடி: இவர் செய்ததெல்லாம் ஜெர்மனியில். சேர்ந்துகொண்டது ராஜ்ஜியத்துக்குள் நடக்கவில்லை, எனவே இந்தச் சட்டம் பாயாது. எதிர்த்தரப்பு: இல்லை, ‘வேறெங்கேனும்’ என்பது முழு வாக்கியத்துக்கும் பொருந்தும். எங்கே நிறுத்திப் படிக்கிறோம் என்பதில் ஓர் உயிர். நீதிபதிகளில் இருவர் ஆவணக்காப்பகத்துக்கே போய் மூலச் சுருளைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம்முடைய ஓலைச்சுவடிதான் ஞாபகம் வந்தது. காற்புள்ளி கிடக்கட்டும், மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் எழுதிப்போட்டார்கள். எங்கே பிரிப்பது என்று உரையாசிரியர்கள் இத்தனை நூற்றாண்டாகச் சண்டை போடுகிறார்கள். நல்லவேளை, அந்தச் சண்டையில் தோற்றவரை யாரும் தூக்கில் போடவில்லை.

9 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைக் கொஞ்சம் வாபஸ் வாங்குகிறேன். காற்புள்ளி கொன்றது என்பது கேட்க அழகான கதை. ஆனால் 1903-இலேயே இதே கேள்வி வந்து முடிந்துவிட்டது. ஆர்தர் லிஞ்ச் என்ற ஐரிஷ்-ஆஸ்திரேலியர், போயர் போரில் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனுக்கு எதிராக ஓர் ஐரிஷ் படையையே நடத்தியவர். அவருக்கும் இதே சட்டத்தில்தான் மரண தண்டனை. ராஜ்ஜியத்துக்கு வெளியே செய்தாலும் துரோகம்தான் என்று அப்போதே தீர்ப்பாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், லிஞ்சைத் தூக்கில் போடவில்லை. தண்டனையைக் குறைத்து, அடுத்த வருடமே வெளியே விட்டு, பிறகு மன்னிப்பும் கொடுத்தார்கள். அவர் போய் எம்.பி. ஆகிவிட்டார். நிஜமாகவே படை நடத்தியவர் நாடாளுமன்றத்தில், ஐம்பது பேரைச் சேர்த்தவர் தூக்கில். 1916-இல் உலகப்போர் நடுவில் இருந்தார்கள், அது ஒரு காரணம். இன்னொரு காரணம் டைரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இன்னொன்று. லிஞ்ச் போயர்களுக்காகச் சண்டை போட்டபோது, அந்தப் பக்கம் போர்ச்சுகீசியத் துறைமுகமான லொரென்சோ மார்க்கஸில் (இன்றைய மபுட்டோ) முன்பே பிரிட்டிஷ் கான்சலாக, அதாவது தூதரக அதிகாரியாக, இருந்த அனுபவசாலி யார் தெரியுமா? கேஸ்மென்ட். போயர்களுக்கு ஆயுதம் போவதைக் கண்காணித்து லண்டனுக்கு எழுதியவர். அந்தப் போருக்கான பதக்கமும் வாங்கியிருக்கிறார்.

10 ஆகஸ்ட்

அப்படிப்பட்டவர் எப்படி மாறினார் என்று கேட்கிறீர்கள். என் கட்சி இதுதான்: அவர் மாறவேயில்லை. கடைசிவரை குமாஸ்தாதான். திட்டவில்லை. நானும் அந்த ஜாதிதான், பார்த்ததை எழுதி, எண்ணி, கூட்டிப் பார்க்கிற ஜாதி.

பள்ளியைப் பதினாறு வயதில் விட்டவர். லிவர்பூலில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பத்தொன்பது வயதில் காங்கோ போகிற கப்பலில் கணக்கு வேலை. நாவலாசிரியர் ஜோசப் கான்ராட் 1890-இல் காங்கோவின் மத்தாடியில் இவரைச் சந்தித்திருக்கிறார். கையில் ஒரு கோணல் தடி, காலடியில் இரண்டு புல்டாக் நாய்கள், அவ்வளவோடு இவர் காட்டுக்குள் போனதைப் பிறகு கடிதத்தில் எழுதுகிறார்.

1903-இல் கான்சலாக மேல் காங்கோவுக்குப் போனார். பெல்ஜிய ராஜா லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்த நாடு. அரசாங்கப் படகில் போனால் காட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்று மிஷனரிகளிடம் ஒரு நீராவிப் படகை வாடகைக்கு எடுத்தார். முன்பு பார்த்த ஊர்களுக்கே மறுபடி போனதுதான் அதில் முக்கியம். எத்தனை குடிசை இருந்தது, இப்போது எத்தனை. எத்தனை கூடை ரப்பர் கேட்கிறார்கள், என்ன கூலி கொடுக்கிறார்கள். கொடுக்காதவன் மனைவியை எங்கே அடைத்து வைத்தார்கள். கை வெட்டப்பட்டவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதினார். எங்கள் பாஷையில் சொன்னால், ஸ்டாக்கை நேரில் போய் எண்ணினார்.

1904-இல் அறிக்கை வெளிவந்தபோது வெளியுறவுத் துறை ஊர்ப் பெயர், ஆள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் எழுத்துகளாகப் போட்டது. மனிதர் கொதித்துப்போனார். பெயர் இல்லாத சாட்சியத்தை யார் நம்புவார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. வவுச்சர் இல்லாத கணக்கு.

10 ஆகஸ்ட், சற்று கழித்து

அவரைத் தெய்வமாக்க வேண்டாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் நேரடியாக விசாரித்த வழக்கில் எபொண்டோ என்று ஒரு பையன். கையை ஒரு காவலாள் வெட்டினான் என்று பதிவு செய்தார். பிறகு அந்தப் பையனே, இல்லை, காட்டுப்பன்றி கடித்தது என்று சொல்லிவிட்டான். லியோபோல்டின் ஆட்களுக்குப் பாயசம். ஒரு வவுச்சர் சரியில்லை, எனவே மொத்தக் கணக்கும் பொய் என்றார்கள். கடைசியில் லியோபோல்டே அமைத்த விசாரணைக் குழு போய்ப் பார்த்துவிட்டு, கேஸ்மென்ட் சொன்னது பெரும்பாலும் உண்மை என்று எழுத வேண்டிவந்தது. 1908-இல் காங்கோ ராஜாவின் கையிலிருந்து பெல்ஜிய அரசின் கைக்குப் போனது.

13 ஆகஸ்ட்

ரப்பர் என்றதும் இரண்டு பேர் மலாயாவைப் பற்றிக் கேட்டார்கள். கேட்டிருக்காவிட்டாலும் எழுதியிருப்பேன்.

1910-இல் கேஸ்மென்டை இன்னொரு ரப்பர் காட்டுக்கு அனுப்பினார்கள். பெரு நாட்டின் புடுமாயோ ஆற்றங்கரை. அரானா என்பவரின் கம்பெனி, ஆனால் லண்டனில் பதிவானது. கங்காணி வேலைக்கு பார்படோஸ் தீவிலிருந்து கறுப்பர்களைக் கொண்டுபோயிருந்தார்கள். அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் பெருவின் காட்டுக்குள் போய்க் கேள்வி கேட்க முடிந்தது. முப்பது பேர் அளவில் தனித்தனியாக வாக்குமூலம் வாங்கினார். உய்தோத்தோ, போரா, அந்தோக்கே மக்களின் முதுகில் சவுக்கடித் தழும்புகள். கொண்டுவரும் ரப்பர் தராசில் குறைந்தால் அடி. பழங்குடியினர் நாள் கணக்கில் சுமந்து வந்த மூட்டை ஒன்றைத் தானே தூக்கிப் பார்த்தார், மூன்று எட்டுக்கூட நடக்க முடியவில்லை என்று குறித்திருக்கிறார்.

அதே 1910-இல் உலகச் சந்தையில் ரப்பர் விலை உச்சம். அதே 1910-இல்தான் மலாயாவில் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக எடுப்பதற்கு முடிவு கட்டினார்கள், கங்காணி ஏற்பாடு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. என் கொள்ளுத்தாத்தா அதற்குச் சில வருடம் கழித்துச் சேலம் பக்கத்திலிருந்து ஒரு கங்காணியோடு கப்பலேறியவர். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டனுக்குப் போய் முளைத்த விதைகள் கன்றுகளாக இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்து வளர்ந்த மரங்கள், அதை வெட்ட நம் ஆட்கள். உலகப்போர் தொடங்கும் சமயத்தில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. அமேசான் வியாபாரம் படுத்தது. அரானா கம்பெனியையும் லண்டனில் கலைத்துவிட்டார்கள்.

அப்படியானால் புடுமாயோவின் கொடுமையை நிறுத்தியது யார்? கேஸ்மென்டின் அறிக்கையா, எங்கள் தோட்டத்துப் பால்மரமா? அறிக்கை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். இப்போது பாதிப் பாதி என்று சொல்வேன். அரானா ஒரு நாள்கூட தண்டனை அனுபவிக்கவில்லை, பெருவில் செனட்டர் ஆனார், 1952 வரை வாழ்ந்தார். மலாயாத் தோட்டம் மட்டும் சொர்க்கமா என்றும் கேட்காதீர்கள். விடியற்காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, வராதவனுக்கு என்ன நடந்தது என்று தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். காட்டை அழித்துப் போட்ட ஆரம்பத் தோட்டங்களில் மலேரியா அள்ளிக்கொண்டு போனது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவும் மாட்டேன்.

கேஸ்மென்டின் மாற்றம் என்று ஒன்று இருந்தால் அது இந்தக் காடுகளில்தான். காங்கோவில் பெல்ஜியர்களை விசாரிக்கப் போனவர், அங்கே நிலத்தை இழந்தவர்களைப் பார்த்துவிட்டுத் தன் அயர்லாந்தையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கினார். இது என் ஊகம் இல்லை, அவரே நண்பர்களுக்கு எழுதியது. சட்டைக்குள் கல் விழுந்த மாதிரி அது பத்து வருடம் அவரை உறுத்தியிருக்கிறது. 1911-இல் சர் பட்டத்தையும் வாங்கிக்கொண்டார். 1913-இல் வேலையை விட்டார். அந்த வருடக் கடைசியில் ஐரிஷ் தொண்டர் படையில் இருந்தார்.

14 ஆகஸ்ட்

பால்மரம் என்று நான் எழுதியதை ‘பலாமரம்’ என்று படித்துவிட்டு ஒருவர் குழம்பியிருக்கிறார். ரப்பர் மரத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பலாப்பழத்துக்காக யாரும் யாரையும் சவுக்கால் அடித்ததாக நான் கேள்விப்படவில்லை.

17 ஆகஸ்ட்

டைரி. தள்ளிப்போட்டது போதும்.

கைதான பிறகு அவர் பெட்டிகளிலிருந்து 1903, 1910, 1911 வருட டைரிகளும் ஒரு வரவுசெலவுப் பேரேடும் போலீஸ் கையில் கிடைத்தன. அன்றன்றைய வானிலை, கடிதம், சாப்பாடு, யாருக்கு எவ்வளவு கொடுத்தேன். அவற்றோடு, ஆண்களுடன் கொண்ட உறவுகளும் அதே மாதிரி சுருக்கமாக, காசுக் கணக்கோடு. அப்போது அது சிறைத்தண்டனைக் குற்றம். வழக்கில் அதைச் சாட்சியமாகக் காட்டவில்லை. அதைவிட மோசமாகச் செய்தார்கள். பக்கங்களைப் படமெடுத்துப் பத்திரிகைக்காரர்களுக்கும் அமெரிக்கத் தூதருக்கும் காதோடு காதாகக் காட்டினார்கள். ஆர்தர் கானன் டாயில் கருணை மனுவுக்குக் கையெழுத்துத் திரட்டினார், டைரியைப் பற்றிச் சொல்லியும் அவர் பின்வாங்கவில்லை. பலர் பின்வாங்கினார்கள். தடியும் நாய்களுமாக அவரை வியந்த கான்ராட் கையெழுத்துப் போடவில்லை.

1903 டைரியில் ஒரு குறிப்பு இருக்கிறது. இலங்கையில் பிரிட்டிஷ் படைத்தலைவராக இருந்த ஹெக்டர் மக்டொனால்ட், இதே மாதிரிக் குற்றச்சாட்டு வந்ததும் பாரிஸ் ஓட்டலில் தன்னைச் சுட்டுக்கொண்டார். அந்தச் செய்தி கேட்ட நாளில் கேஸ்மென்ட் மிகவும் வருந்தி எழுதுகிறார். தனக்கும் இதுதான் காத்திருக்கிறது என்று தெரிந்திருக்கும். இருந்தும் எழுதுவதை நிறுத்தவில்லை.

டைரி போலி, பிரிட்டிஷ் உளவுத்துறை எழுதியது என்று அயர்லாந்தில் பல்லாண்டுகள் நம்பினார்கள். நானும் முதலில் அந்தக் கட்சி. எதிரி என்ன வேண்டுமானாலும் செய்வான் என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பேரேட்டைப் பற்றிப் படித்தேன், சில்லறைச் செலவு வரை எழுதியிருக்கிறது. பத்தொன்பது வருடமாகப் பிறர் கணக்கைப் பார்க்கிறவன் சொல்கிறேன்: பொய்க்கணக்கு எழுதுகிறவன் இவ்வளவு சலிப்பான விவரத்தை எழுதமாட்டான். 2002-இல் கையெழுத்தைச் சோதித்த தடயவியல் அறிக்கையும் அவர் எழுதியதுதான் என்றது. ஏற்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள், இந்தப் பக்கத்திலேயே இரண்டு பேர் வருவார்கள் பாருங்கள்.

18 ஆகஸ்ட்

வந்துவிட்டார்கள்.

ஒருவருக்கு மட்டும் பதில். டைரி உண்மை என்றால் தியாகியின் பெயர் கெடும் என்கிறீர்கள். 2015 மே மாதம் நான் டப்ளினில் இருந்தேன். ஒருபாலினத் திருமணத்துக்கு நாடே வாக்களித்த நாள். நூற்றுக்கு 62 பேர் ஆம் என்றார்கள். எங்கள் அலுவலகத்தில் தேவாலயம் தவறாத ஓர் அம்மையார், எழுபதை நெருங்கியவர், வாக்குச்சாவடியிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டே “இனிமேல் பாவம் அந்த ரோஜர் நிம்மதியாகப் படுக்கட்டும்” என்றார். எனக்குச் சட்டென்று எந்த ரோஜர் என்று விளங்கவில்லை. கணக்குப் பிரிவில் ஒரு ரோஜர் இருந்தான், அவனுக்குக் கல்யாணமோ என்று நினைத்தேன்.

என்னை உறுத்துவது அது இல்லை. காசு கொடுத்தவர் பேரரசின் கான்சல், வாங்கியவர்கள் துறைமுகத்து ஏழைகள். புடுமாயோவிலிருந்து இரண்டு இளைஞர்களை லண்டனுக்குக் கூட்டிவந்து ஓவியருக்கு முன்னால் நிறுத்தியதும் உண்டு, உலகத்தின் மனச்சாட்சியைத் தொட என்று. அந்த இருவரிடம் யார் கேட்டார்கள்? பிறர் உடம்பின் தழும்பை அவ்வளவு கவனமாக எண்ணியவருக்கும் இது தெரியாமல் போயிருக்கிறது.

21 ஆகஸ்ட்

கூண்டிலிருந்து அவர் பேசியது பற்றி ஒருவர் கேட்டார். நேரு இளவயதில் அதைப் படித்து நெகிழ்ந்ததைப் பிறகு எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது அதன் கடைசிப் பகுதி அல்ல, நடுவில் ஒரு குத்து.

அரசுத் தரப்பில் வாதாடியவர் எஃப்.இ. ஸ்மித். இரண்டு வருடத்துக்கு முன், அயர்லாந்துக்குத் தன்னாட்சி தருவதை எதிர்த்த வடக்கு அல்ஸ்டர்காரர்கள் லார்ன் துறைமுகத்தில் ஜெர்மனியிலிருந்து துப்பாக்கி கடத்தி இறக்கினார்கள், சட்டத்தை மீறுவோம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். அந்தக் கூட்டத்துக்கு மேடை மேடையாக ஆதரவு பேசியவர் இதே ஸ்மித். கேஸ்மென்ட் கூண்டில் நின்று சொன்னதன் சாரம்: உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் ஒன்றுதான், உங்கள் துரோகம் பதவி நாற்காலிக்குப் போகும் பாதையில் போனது, என்னுடையது இந்தக் கூண்டுக்கு வரும் என்று தெரிந்தே வந்தேன்.

மூன்று வருடத்தில் ஸ்மித் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார், லார்ட் சான்சலராக. பிறகு பிர்க்கன்ஹெட் பிரபு என்ற பெயரில் இந்தியா மந்திரி. 1927-இல் ஓர் இந்தியர்கூட இல்லாமல் சைமன் கமிஷனை அமைத்தவர் இவர்தான். ‘சைமனே திரும்பிப் போ’ என்று சென்னையில் கறுப்புக்கொடி பிடித்தவர்களில் எத்தனை பேருக்கு இவரது பழைய வழக்கு தெரியும்?

22 ஆகஸ்ட்

எலும்பு விவகாரம் சுருக்கமாக. சிறை வளாகத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள். என்னை இந்தப் பயங்கரமான இடத்தில் விட்டுவிடாதே, முர்லோ வளைகுடாவுக்குக் கொண்டுபோ என்று பார்க்க வந்த சித்தி மகளிடம் சொல்லியிருந்தார். முர்லோ வடக்கே ஆன்ட்ரிம் கடற்கரையில், அவர் வளர்ந்த வீட்டுக்குப் பக்கம். 1965-இல் ஹரால்ட் வில்சன் அரசு உடலைக் கொடுத்தது, வடக்கு அயர்லாந்துக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற நிபந்தனையோடு. டப்ளின் கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டத்தில் அரசு மரியாதை. ஜனாதிபதி டி வலேராவுக்கு 82 வயது, உடம்பு சரியில்லை, டாக்டர் வேண்டாம் என்றும் கடுங்குளிரில் வந்து நின்றார்.

அதே சிறையில் மனைவியைக் கொன்ற டாக்டர் கிரிப்பனும் புதைக்கப்பட்டவர். மாற்றித் தோண்டியிருந்தால், அரசு மரியாதை யாருக்குப் போனதோ என்று டப்ளினில் ஒரு பழைய ஜோக் உண்டு.

முர்லோவுக்கு அவர் இன்னும் போகவில்லை.

24 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, மூன்று வாரமாகச் சுற்றுகிறீர்கள், தலைவரா இல்லையா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்கிறார்.

இல்லை.

24 ஆகஸ்ட், இரவு

ஒரு வார்த்தையில் கேட்டதால் அப்படிச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். மற்ற பதினைந்து பேரையும் அவர்கள் செய்ததற்காகச் சுட்டார்கள். இவரை, நடக்கும் என்று நம்பாத ஒன்றுக்காக. தோற்கும் என்று தெரிந்தும் ஜெர்மனியில் பத்திரமாக உட்காராமல் வந்தார். அதற்கு என்ன பெயரோ அதை வையுங்கள். பெயர்ப் பலகையை மட்டும் டிராலியில் கழற்ற வேண்டாம்.

29 ஆகஸ்ட்

தாத்தாவின் நோட்டைப் பற்றி 13-ஆம் தேதி எழுத வந்து, எழுதாமல் விட்டிருக்கிறேன். தாத்தாவைப் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டதால் நேற்று அம்மாவின் அலமாரியில் தேடி எடுத்தேன்.

தாத்தா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாவது வரை படித்தவர். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், செக்ரோல் பதிவேட்டில் எழுதுவதைப் பார்த்துவந்து, லயத்து வீட்டில் உட்கார்ந்து தன் நோட்டில் இரண்டு வரிசையாக எழுதுவார். இடது பக்கம் தன் கணக்கு, வலது பக்கம் கிராணி சொன்ன கணக்கு, ராத்தலில். வலது எப்போதும் ஒன்றோ இரண்டோ குறைவு. நோட்டு முழுக்க அப்படியே. யாரிடமும் காட்டியதாக அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. எதற்கு எழுதினார் என்று கேட்டேன். “எழுதினாரு” என்றார் அம்மா.

டிசம்பர் மாதப் பக்கங்களில் எண்ணே இல்லை. பென்சிலில் ஒரே வரி, தினமும்: மழை, வெட்டு இல்லை. மழை, வெட்டு இல்லை. மழை, வெட்டு இல்லை.